ராசி பார்த்த கல்

கனகாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சின்ன டப்பாவைக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது கல்பனா எழுதிக்கொண்டிருந்த பில்லைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

புதுவாயல் கூட்டுரோட்டு நகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து அவள் விற்ற முதல் வைரம் அது. ஒற்றைக்கல் மூக்குத்தி.

வைரம் என்றால் மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். அந்த மூன்று நாளில் கெட்டது எதுவும் நடக்கக் கூடாது. கோழி செத்தது என்று கல்லைத் திருப்பியவர்கள் உண்டு. மாமியார் வந்து இறங்கியதற்காகத் திருப்பியவர்களும் உண்டு.

கனகாம்பாள் வாங்கிப் போன அன்றைக்கே விவரமாகத்தான் கேட்டாள்.

"இத்த தோண்ட சொல்ல யாருனா செத்தாங்களா கண்ணு? செத்தவங்க சாபம் கல்லோட ஒட்டிக்கினு வரும். எம்பொண்ணுக்கு ஆவாது."

கல்பனா கல்லோடு வந்த சான்றிதழை எடுத்து வரிவரியாகப் படித்துக் காட்டினாள். எந்தச் சுரங்கம், யார் பட்டை தீட்டியது, எல்லாம் அதில் இருந்தது. விற்ற காசு துப்பாக்கிச் சண்டை போடுகிறவர்கள் கைக்குப் போகாத கல். தோண்டியவர்களுக்கு முழுக்கூலி. சின்னப் பிள்ளைகளைக் குழியில் இறக்கவில்லை.

"ரத்தம் படாத கல்லும்மா" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

கனகாம்பாளுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மகள் தேவதர்ஷினிக்குக் கல்யாணம். பெண் வைர மூக்குத்தியோடுதான் மணவறைக்கு வர வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கல்தான் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

"இன்னாம்மா, ஊட்ல பல்லி செத்துப் போச்சா?" கல்லாவிலிருந்து முதலாளி நக்கலடித்தார்.

கனகாம்பாள் டப்பாவைக் கல்பனா பக்கம் நகர்த்தினாள்.

"கெட்டது இன்னாம்மா நடந்துச்சு?" கல்பனா குரலைத் தாழ்த்தினாள். "வேற கல்லு மாத்தித் தரட்டா?"

"கல்லு மேல குத்தமில்ல கண்ணு. நல்லதுதான் நடந்துச்சு. ஒன்றர வருசமா இழுத்தடிச்ச கம்பெனிக்காரனுங்க நேத்து ஊடு தேடி வந்து செக்கு குட்த்துட்டுப் போனானுங்க. கல்லு வந்த நேரம்னு எங்க ஊட்டுக்காரரு தெருவுக்கே லட்டு குட்த்தாரு."

கல்பனாவுக்குப் போன உயிர் வந்தது.

"அப்புறம் இன்னாம்மா? ராசியான கல்லாச்சே!" டப்பாவை அவள் பக்கமே தள்ளினாள்.

கனகாம்பாள் அதைத் தொடவில்லை.

"தங்கத்துல ஒண்ணு குடு, போதும். மாப்ள ஊட்ல நான் பேசிக்கிறேன்."

"ஏம்மா?"

வெளியே கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ் ஒன்று நின்று, ஷிப்டு முடிந்த பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. கனகாம்பாள் இறங்கியவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தாள்.

"கம்பெனி உலை வெடிச்சதுல போனானே எம்புள்ள தீனா, அவனுக்கு வந்த செக்கு கண்ணு அது."

முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நானும் ஒரு லட்டு துன்னுட்டேன்."