ஆளுக்கு ஒரு டம்ளர்

பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜபாய் பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

உள்ளே, முற்றத்து வெயிலில் நாற்பத்தொரு பேரை உட்கார வைத்திருந்தார்கள். மலையாள அரசின் கீழ் இருந்த தமிழ்ப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் பாறசாலை ரோட்டில் ஊர்வலம் போனவர்கள். அது ஐம்பத்து நாலு, ஆடி மாதம். காலையில் பிடித்தது. இப்போது மணி மூன்று.

கொடுக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு நாள் மழையில் ரோட்டுச் சேறு முழுக்கப் பள்ளிக்கூடக் கிணற்றில் இறங்கியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் மற்ற கிணறுகளும் அப்படித்தான். போலீஸ்காரர்களே நாக்கு வறண்டு நின்றார்கள்.

நல்ல தண்ணீர் ராஜபாயின் சோடா கம்பெனியில் மட்டும்தான் இருந்தது. கலகத்தில் குப்பியை எடுத்து எறிவார்கள் என்று போலீஸ் அதை மூன்று நாளாகப் பூட்ட வைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அடி பளிச்சென்று தெரிந்தது. எந்தக் கிணறு என்று மலையாளத்தில் கேட்டார்.

"கிணறு இல்ல ஏமானே. எங்க ஓட்டுல விழுந்த மழயாக்கும். மூணு வருசமா இதுலதான் சோடா போடுதேன்."

சொல்லும்போதே அவள் தலை நிமிர்ந்தது.

முன்பெல்லாம் அந்த ஓட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டு நெசவாளி வேலாயுதனின் தறிக்குழியில் போய் நிறையும். வருஷம் தவறாமல் சண்டை. கிணற்றுத் தண்ணீரில் போட்ட சோடாவோ துரு நாறும். ராஜபாய் கூரை ஓரம் மழைத் தண்ணீர் வழிந்தோடத் தகரப் பாத்தி வைத்தாள். மணலும் கரியும் போட்டு வடிகட்டி, பெரிய தொட்டி கட்டிச் சேர்த்தாள். குப்பி கழுவிய தண்ணீரைக்கூட வாழைக்குத் திருப்பிவிட்டாள்.

தொட்டி கட்டும்போது சிரித்தவர்களில் பாதிப்பேர் இப்போது அந்த முற்றத்தில் இருந்தார்கள். வேலாயுதனும் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் முதல் டம்ளரை வாங்கிக் குடித்தார். பிறகு, நீயே போய் எல்லோருக்கும் கொடு என்றார்.

அது இரக்கம் மட்டுமல்ல. ஊர்வலத்தை நடத்தியவன் எலியா என்று பெயர் தெரியும், முகம் தெரியாது. காலையிலிருந்து அடித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவள் ஊர்க்காரி. எலியாவின் முன்னால் கண் தடுமாறும், ஒரு வாய் கூடுதலாக ஊற்றுவாள் என்று நினைத்தார். கூடவே நடந்தார்.

ராஜபாய் வரிசையாக ஊற்றிக்கொண்டே போனாள். ஆளுக்கு ஒரு டம்ளர். ஒவ்வொருவரிடமும் ஒரே சொல்.

"மெள்ள குடி மக்கா."

வேலாயுதன் குடித்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். இன்ஸ்பெக்டர் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பதினேழாவதாக, உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்த ஒருவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். அவள் அடுத்த ஆளுக்குப் போனாள்.

நாலு குடம் ஆயிற்று. கடைசியில் போலீஸ்காரர்களும் வந்து கை நீட்டினார்கள். தொட்டியில் இன்னும் கழுத்தளவு இருந்தது.

எலியா யாரென்று தெரியாமலே, சாயங்காலம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

உதடு வெடித்த அந்தப் பதினேழாவது ஆள்தான் எலியா.

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில், ராஜபாய் தன் புருஷனிடம் மரியாதை இல்லாமல் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.