சாய்வு ஐம்பது

"கதவைச் சாத்திடறேன். உள்ளே இருக்கப் பயமில்லையே?"

"பழகின ரூம்தானே மேடம், என்ன பயம்?" என்றபடி எதிரே உட்கார்ந்தார் அந்த வங்கியின் ஊழியர்.

ஆய்வாளர் இரும்புக் கதவை இழுத்து மூடினாள். தட்டினால் வெளியே நிற்கும் மேனேஜர் திறந்துவிடுவார். பழைய பத்திரங்களைப் பூட்டி வைக்கும் அறை அது. இரண்டு நாற்காலி போட்டாலே முழங்கால் இடித்தது. போன விடுமுறையில் தெரியாமல் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் ஊழியர் ஒருவரை. திறந்தபோது உயிர் இல்லை.

"காத்தை வெளியே தள்ளுற ஃபேன் ஓடிட்டுதான் இருந்துச்சாம். குடிச்சுட்டுப் படுத்தவர் போய்ச் சேர்ந்துட்டார்னு கைகழுவுறாங்க."

"ஒரு சொட்டு தொடாத ஆளு மேடம்." அவர் சட்டென்று நிமிர்ந்தார். "வீட்டுல கூட அதை நம்பிட்டாங்க."

அவள் கருவியை இயக்கினாள். "நாம விடுற மூச்சு இந்த அறையில எவ்வளவு சேருதுன்னு இது கோடு போடும். காத்து வெளியே போனா கோடு வளையும். போகலைன்னா ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா ஏறும்."

மேலே விசிறி கிர்ரென்று சுற்றியது. திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. இம்மிகூட வளையவில்லை.

"நேராத்தான் போகுது!" அவர் முகம் மலர்ந்தது. "அப்போ அந்த ஆளு மேல தப்பில்லதானே?"

"இல்லவே இல்ல. ஃபேன் ஒப்புக்குச் சுத்துது. இருங்க, ரிப்போர்ட்டுக்குச் சமன்பாடு வேணும்." கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "தொடங்கின இடம் நானூறு. பத்தாவது நிமிஷம் தொள்ளாயிரம். ஏறினது ஐந்நூறு, பத்தால வகுத்தா சாய்வு ஐம்பது. ஒய் சமம் ஐம்பது எக்ஸ் கூட்டல் நானூறு..."

எழுதிய கை நின்றது.

"என்ன மேடம்?"

"இவ்வளவு சின்ன அறையில ஒரு ஆள் மூச்சுக்கே ஐம்பது ஏறும். நாம ரெண்டு பேரு. நூறு வரணுமே! பாதி எங்கேயாவது கசியுதோ?"

"கசிஞ்சா கோடு வளையும்னீங்களே."

"அப்போ மெஷின்லதான் கோளாறு. இதை வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது."

"எழுதிடுங்கம்மா, நிறுத்திடாதீங்க" என்று கெஞ்சினார் அவர். "மெஷின் சரியாத்தான் சொல்லுது. இங்கே மூச்சு விடுறது நீங்க ஒருத்தர்தான்."