எதிரணிக்கு ஒரு வசை

ஒஹாயோவில், தன் பழைய கல்லூரி அணி ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு ஆவுடையப்பனையும் மனைவி பிரமுவையும் அழைத்துப் போயிருந்தான் அலுவலக நண்பன் கைல். அலபாமாவிலிருந்து வந்த அணி கைலின் அணியை நொறுக்கிக்கொண்டிருந்தது. ஆற்றமாட்டாமல் கைல் எழுந்து கத்தினான்: "மாமன் மகளைக் கட்டுற காட்டுப்பயலுகளா, ஊருக்குப் போங்கடா!"

சொந்தத்துக்குள் கட்டுவதை அசிங்கமாக நினைக்கும் அந்த நாட்டில், அலபாமாக்காரர்களை அப்படிச் சொல்வது பழைய கேலி. வரிசையே சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தான்.

பிரமு அவனுக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். "எதுக்கு அத்தான் சிரிச்சிய?" என்று தமிழில் கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. விடு பிரமு."

"எங்கப்பாவயும் சேத்துல்லா சிரிச்சிய."

அவன் திடலையே பார்த்தான். ஆட்டம் கைவிட்டுப் போனதும் கைல் சலிப்போடு உட்கார்ந்து அவர்கள் பக்கம் திரும்பினான்.

"இனி பார்க்க ஒண்ணுமில்ல. நீங்க ரெண்டு பேரும் முதல்ல எங்க சந்திச்சீங்க? அதையாவது சொல்லுங்க."

பிரமு கைகளைக் கட்டிக்கொண்டு கணவனின் வாயையே பார்த்தாள்.