இரண்டாம் கருங்குதிரை

திருவட்டாற்றில் பெபிஷா ரெசின் பிசினில் வார்க்கும் பொம்மைக் குதிரைகளுக்கு வண்ணமும் அவளே தீட்டுவாள். முடிந்ததும் பீடத்தின் அடியில் புட்டி எனும் ஈரப் பசையைப் பூசி, இடது பெருவிரலை அழுத்துவாள். அதுதான் அவள் கையெழுத்து.

ரசலையன் சார் நாற்பது குதிரைகள் சேர்த்தவர். அவர் சொல்லைக் கேட்டுத்தான் மற்றவர்களும் அவளிடம் வாங்கினார்கள். 2014 மே மாதம் அவர் இரண்டு கருங்குதிரைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணுதான் செய்வேண்ணு சொல்லித்தானே மக்கா தந்த? களியக்காவிளைக் கடையில இன்னொண்ணு நின்னுது, வாங்கிட்டு வந்தேன்."

"அந்த அச்சில ஒண்ணுதான் வார்த்தேன் சார். இது என் வேலை இல்ல."

நெற்றிச் சுழி முதல் வால் நுனி வரை இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பெபிஷா அவற்றைக் கவிழ்த்தாள். ரேகைகளும் ஒன்றேதான். ஆனால் கடையில் வாங்கியதில் ரேகையின் குறுக்கே ஒரு தழும்பு ஓடியது. அதில் மூன்று தையல்களின் தடம் தெரிந்தது.

அவள் தன் பெருவிரலை நீட்டினாள். "பாருங்க சார், ஒரு கீறல் உண்டா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இல்ல. தப்பா நெனச்சுப்போட்டேன் மக்கா."

"இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். உங்க முன்னாலேயே அச்ச வெட்டிப் போடுதேன்."

சிலிக்கோன் ரப்பர் அச்சை இடது கையால் அழுத்திப் பிடித்து பிளேடை இறக்கினாள். பத்து வருஷப் பழக்கம், கை தயங்கவில்லை. அச்சு நான்கு துண்டானது. ஐந்தாவது வெட்டில் பிளேடு வழுக்கியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இடது பெருவிரலில் தையல் போட்டு நூலைக் கத்தரித்தாள். ரசலையன் சார் கதவருகே நின்று, "எத்தனை தையல் மக்கா?" என்று கேட்டார்.

பெபிஷா விரலைப் பார்க்காமலே சொன்னாள்.

"மூணு."