மடியில மூணு பியூஸ்கட்டை

இதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் எம் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாமிரவரணியில வீசிருங்க. அம்புட்டும் நெசம்.

போன வெள்ளிக்கிழமை சீவலப்பேரியிலருந்து வாழைத்தாரு ஏத்திக்கிட்டு முக்கூடலுக்குப் போயிருந்தேன். காத்துல கம்பி அறுந்து, பஜாரும் சேத்து நாலு தெருவுல காலையிலருந்து கரண்ட் இல்ல. எல்லார் போனும் செத்துக் கெடக்கு.

டிரான்ஸ்பார்மர் அடியில லைன்மேன் சிராஜுதீன் சேர் போட்டு உக்காந்திருக்காரு. சங்கத்துச் செயலாளராம். கழத்துன பியூஸ்கட்டை மூணும் மடியில. ராசா கணக்கா கடலை கொறிக்காரு.

"உக்காருததுக்கும் ஒம்ம சங்கத்துல சம்பளமாவே?"ன்னு கேட்டேன்.

ஊரே சிரிச்சிட்டு. அவரு சிரிக்கல.

"கான்ட்ராக்ட் பய மெர்வின் கீழத்தெருவுல போஸ்ட் மேல நிக்கான். கட்டை எங்கிட்ட இருந்தாத்தான் உசுரு அவங்கிட்ட இருக்கும்."

மூணே முக்காலுக்கு ஷமீம்னு ஒரு அம்மா ஓடியாந்தாவ. கையில செத்த போனு. கூட்டத்தைப் பாத்துப் பொலம்புனாவ.

"எம்மவ குவைத்துல வீட்டு வேலைக்கு நிக்கா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அரைமணி நேரந்தான் மொதலாளியம்மா போனைக் குடுப்பா. போன வாரம் காய்ச்சல்னு கூப்பிடவே இல்ல. இன்னைக்கு அவ மொகத்தைப் பாக்கலைன்னா எனக்குச் சோறு எறங்காது!"

சிராஜுதீன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கடலையை அப்படியே கீழ வச்சிட்டாரு.

நாலு மணி. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அப்பாத்துரை பைக்குல வந்து நின்னாரு.

"வேல முடிஞ்சிட்டு. கட்டையைப் போடும்வே."

"மெர்வின் வரட்டும். ஏறினவன் எறங்கி வந்து, அவன் கையாலதான் போடணும். அது சங்கத்து வழக்கம்."

"அவன் என்ன ஒம்ம சங்கமா? சந்தா கேக்கப் போனப்ப நாயை அவுத்து விட்டவம்லா!"

"அது கரண்டுக்குத் தெரியுமாவே?"

எனக்குப் பொறுக்கல. "அந்தம்மா அழுவுதாவ. ஒமக்குப் புள்ளகுட்டி கெடையாதா?"ன்னு கத்திட்டேன்.

இப்ப ஊரு சிரிக்கல. அவரு ஷமீமை ஒரு வாட்டி பாத்தாரு. கட்டையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு.

நாலே முக்காலுக்கு மெர்வின் வாரான், வேர்வையில குளிச்சு.

"கட்டையைத் தாங்க அண்ணாச்சி. கடைசிக் கம்பியை இப்பத்தான் முறுக்கிட்டு எறங்குதேன்."

இப்பத்தானா? நாலு மணிக்கே போட்டிருந்தா? மெர்வின் கரிக்கட்டையாயிருப்பான். சூப்பர்வைசர் பைக்கை உருட்டிக்கிட்டே பைய நழுவிட்டாரு.

சூப்பர்வைசர் நாலு மணிக்கே போடச் சொன்னதை ஊரே மெர்வின்கிட்ட சொல்லிட்டு. "நாளைக்குச் சங்கத்துக்கு வாரேன் அண்ணாச்சி"ன்னான். அவன் கையாலயே கட்டையைப் போட்டான்.

கரண்ட் வந்துட்டு. சிராஜுதீன் ஷமீம் கையிலருந்த போனை வாங்கி, டீக்கடையில சார்ஜ் போட்டு, பாத்துக்கிட்டே நின்னாரு. மணி அஞ்சு. போனு கண்ணு முழிச்சுது. குவைத்துலருந்து ஏழு வாட்டி கூப்பிட்டிருக்கு.

அவரு அந்தத் திரையை விரலால தடவிக்கிட்டே பைய சொன்னாரு:

"நம்ம மவளுக்குக் காய்ச்சல் விட்டுட்டு, ஷமீம். இல்லாட்டி ஏழு வாட்டி கூப்பிடுவாளா?"

அந்தத் தகப்பங்கிட்டத்தான் புள்ளகுட்டி கெடையாதான்னு கேட்டிருக்கேன்.

சரி, கதை சும்மா இல்ல. கரண்டு வேல பாக்கவுக நாளைக்கே சங்கத்துல போயி சந்தாவைக் கட்டுங்க. மத்தவுக எனக்குக் கட்டுங்கவே. டீயும் வடையுமா குடுத்தாலும் வாங்கிக்கிடுதேன்.