காய்ந்து கிடந்த ஷெட்

விடியுமுன் செந்தூர்பாண்டி உப்பளத்துக்குக் கிளம்புவார். அவர் புல்லட்டை உதைக்கும்போது மனைவி செல்லக்கனி ஒரு செம்பை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போவாள். செம்போடு போகிறவளை யாரும் எங்கே என்று கேட்பதில்லை. கணவரும் கேட்டதில்லை.

புல்லட் சத்தம் ஓய்ந்ததும் டிரைவர் பவுல் புறவாசல் ஷெட்டைத் திறந்து, காரைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஏசியைப் போடுவான். செல்லக்கனி திரும்பி வரும்போது செம்பின் வாயை முந்தானையால் மூடியிருப்பாள். அடுப்பைப் பற்றவைப்பாள். கணவர் வந்ததும் காப்பி தருவாள்.

அந்தக் காப்பி தூத்துக்குடியில் பிரசித்தம். பாதி வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் பட்டால் பால் திரிந்துவிடும், பருப்பு வேகாது. கல்கத்தாவிலிருந்து உப்பு வாங்க வருகிறவர்கள், விலை பேசுமுன் செல்லக்கனியின் காப்பியைக் கேட்டார்கள். எல்லாம் அவள் கைப்பக்குவம் என்று செந்தூர்பாண்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கல்கத்தாக்காரர்களை ஏற்றி வரத்தான், புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம், தன் அம்பாசடருக்கு ஏசி வைத்தார். கப்பல் ஏஜெண்டுகள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, இரண்டு தும்மல் போட்டு, திருப்தியாக இறங்கினார்.

அந்த ஏசி இன்று காலை கருகிவிட்டது. நாளை கல்கத்தா ஆள் வருகிறார். டிரங்க் கால் போட்டதில் மதுரையிலிருந்து மெக்கானிக் சத்தியராஜ் சாயங்காலமே வந்துவிட்டான்.

பானெட்டைத் திறந்து கம்ப்ரசரை முகர்ந்து பார்த்தான். செந்தூர்பாண்டியும் குனிந்து முகர்ந்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டினார்.

கம்ப்ரசரின் வேலை லேசானது என்றான் மெக்கானிக். காருக்குள் இருக்கிற சூட்டை வாங்கிய வாயுவை அமுக்கி, முன்பக்கக் குழாய்களுக்குத் தள்ளும். அங்கே காற்றுப் பட்டுச் சூடு வெளியே போகும். வண்டி ஓடினால் காற்று தானாக வரும். நின்ற இடத்திலேயே நெடுநேரம் போட்டால் சூடு போக வழியில்லாமல், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு சேர்க்கிற கிளட்ச் கருகிவிடும். அதற்காக ஏசியை ஓட்டாமலே விட்டாலும், வாயுவை அடைத்து வைக்கிற சீல் காய்ந்து கசியும். தினமும் காலையில் சற்று நேரம் போடும்படி அவன்தான் சொல்லியிருந்தான்.

"நான் சொன்னது கொஞ்ச நேரம். இது மணிக்கணக்கா நின்னுக்கிட்டே ஓடியிருக்கு, அண்ணாச்சி."

செந்தூர்பாண்டி பவுலைப் பார்த்தார். பவுல் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

"எங்கன வச்சுலே ஓட்டுன?"

"ஷெட்லதான் முதலாளி. மாதா சத்தியமா வண்டிய வெளிய எடுக்கல."

மெக்கானிக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஏசி ஓடினால் காற்றிலிருக்கிற ஈரமெல்லாம் தண்ணீராகி, அடியிலுள்ள ரப்பர் குழாய் வழியே சொட்டும் என்றான். இந்தக் கடற்கரைக் காற்றுக்குச் சொட்டுவதென்ன, ஒழுகும். தினமும் இங்கே ஓடியிருந்தால் சிமெண்டில் பாசி பிடித்திருக்க வேண்டும். தரையோ அப்பளமாகக் காய்ந்திருந்தது.

"இங்க ஓடல அண்ணாச்சி. வேற எங்கயோ ஓடியிருக்கு."

செந்தூர்பாண்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாண சீசன். பவுல் காரை வாடகைக்கு விட்டிருக்கிறான். கோயில் வாசலில் காரை நிறுத்தி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வியர்க்காமல் உள்ளே உட்காரவைத்து ஏசியை ஓட்டியிருக்கிறான். பெட்ரோல் ஏன் அப்படிக் குடித்தது என்பதும் இப்போது தெரிந்தது. துப்புத் துலக்கிய குஷியில் அவருக்குக் கோபம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

"பெட்டியக் கட்டுலே. இனி நீ இங்கன இருக்க வேண்டாம்."

ஷெட்டை ஒட்டிய அறைதான் பவுலுக்கு வீடு. கல்யாணமாகி நாலு மாதம். அவன் வாயைத் திறந்தான், அடுக்களை ஜன்னலைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் அவன் மனைவி ஸ்டவ்வைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்லக்கனி இரண்டு டம்ளரில் காப்பியோடு வந்தவள், பெட்டியைப் பார்த்து நின்றாள். செந்தூர்பாண்டி கருகிய கிளட்ச்சில் தொடங்கி, காய்ந்த தரை வரைக்கும் தன் கண்டுபிடிப்பை ஒன்றுவிடாமல் சொன்னார். கல்யாணப் பெண்ணின் புடவை நிறம்தான் பாக்கி.

மெக்கானிக் ஒரு வாய் குடித்தான். கண் விரிந்தது.

"இது எந்தக் கெணத்துத் தண்ணி, அக்கா? எங்க மதுரைலகூட இப்படி இல்லையே."

"தண்ணில என்னப்பா இருக்கு?" என்றார் செந்தூர்பாண்டி. "எல்லாம் இவ கைப்பக்குவம்லா."

செல்லக்கனி கணவரைப் பார்த்தாள். தகரப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே போய், ஒரு செம்பைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் வைத்தாள்.

செந்தூர்பாண்டியின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஏளா, இது... காலைல நீ புறவாசலுக்குக் கொண்டு போற செம்புல்லா?"

"ஆமா."

மெக்கானிக் வாயிலிருந்த காப்பியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். பவுல் மட்டும் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தான்.

செல்லக்கனி சொன்னாள்:

"பெறகு தரை எப்படி நனையும்? சொட்டுனதெல்லாம் இதுலல்லா பிடிச்சேன். ஆறதுக்குள்ள குடிங்க, இனி கெடைக்காது."