டேலியாக் கொழுந்து

"நேத்து வரைக்கும் கூலிக்கு நாத்து நட்டுக்கினு இருந்தவ, இன்னிக்கி டேலியா நடுறாளாம், டேலியா!"

லீனா உதட்டைச் சுழித்தாள். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்கு வந்து பக்கத்து வீட்டில் குடியேறியவள் தபீதாள். மகனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் பவிசைப் பார்! பெங்களூரிலிருந்து டேலியாப் பூச்செடிக் கிழங்கு வரவழைத்துத் தொட்டிகளில் புதைத்தாள். அந்தச் சனியனும் முளைத்துத் தொலைத்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "உங்க டேலியா பூத்தா, கிறிஸ்துமஸுக்கு சர்ச் ஆல்டர்ல வைக்கலாம்மா" என்று பாஸ்டர் அவளிடம் சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாக அங்கே இருந்தது லீனா வாங்கித் தரும் ரோஜா!

தெரு அடங்கிய ஒரு மத்தியானம், லீனா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறிக் குதித்தாள். ஒரு செடி விடாமல் கொழுந்தைக் கிள்ளி எறிந்தாள்.

"இனிமே பூக்கட்டும், பார்க்கிறேன்."

கிறிஸ்துமஸ் அன்று ஆல்டரில் இடம் கொள்ளாமல் டேலியாப் பூக்கள். திகைத்து நின்ற லீனாவிடம் தபீதாள் வந்தாள்.

"உங்களுக்குத்தான்க்கா தேங்க்ஸ் சொல்லணும்."

"எனக்கா? எதுக்கு?"

"கொழுந்தைக் கிள்ளிவிட்டாத்தான் பக்கக் கிளை வெடிச்சு நிறைய பூக்கும்னு கிழங்கு வித்தவரு சொன்னாரு. ஆசையா வளர்த்த செடி, எனக்குக் கை வரல. நீங்க வந்து கிள்ளினீங்க. ஜன்னல்ல நின்னு பார்த்துக்கினுதான் இருந்தேன்."



தபீதாள் சிரித்தாள். "அடுத்த வருஷம் சுவரேறிக் குதிக்காதீங்கக்கா. கேட்டைத் திறந்தே வைக்கிறேன்."